திண்ணனார் தனிவேட்டை

கண்ணப்ப நாயனார் திருப்பெயரை அறியாத சைவர் இலர். ஆயினும், அவர் தம் கண்ணை இடந்து அப்பிய செயலொன்றே பலருடைய நினைவில் நிற்கின்றது. அதற்கு முன் அவர் வாழ்ந்த வாழ்வு யாது, அவர் கைக்கொண்ட தொழில் எத்தன்மையது, அத்தொழிலிற் பழகிய உடலும் உள்ளமும் எவ்வாறு அன்பிற்குக் கருவியாயின என்பன பெரும்பாலும் ஆராயப்படாமலே ஒழிகின்றன. வேடர் என்ற அளவில் அவரை அறிவிலார் என்றும் கொலையன்றி வேறறியார் என்றும் கூறி மேற்செல்வாரும் உளர். சேக்கிழார் சுவாமிகள் அங்ஙனம் கூறி அமைந்தாரல்லர். வேட்டுவர்தம் ஊர், குடி, விழா, விற்பயிற்சி, வேட்டை முறை ஆகிய இவற்றையெல்லாம் முறைப்பட விரித்துரைத்த பின்னரே அவர் திண்ணனாரைக் காளத்தி மலையில் ஏற்றுகின்றார். இவ்விரிவு வெறும் வருணனையன்று. பழந்தமிழர் வில்வேட்டையின் வரலாற்றை அறிதற்கு அஃது ஒரு பெருங் கருவூலம். நாயனாரது அன்பின் இயல்பை அறிதற்கும் அதுவே வாயில்.

வில்லின் தொன்மை

தென்னாட்டில் வில்வேட்டை மிகப் பழைய தொழில். ஆதிச்சநல்லூரில் முதுமக்கட் டாழிகள் நிறைந்த இடுகாட்டை அகழ்ந்தபோது இரும்பினாலாகிய அம்பு முனைகளும் வேல்களும் வாள்களும் கிடைத்தன. இறந்தாரோடு அவர்தம் படைக்கலத்தையும் இட்டுப் புதைத்த மக்கள், அக்கலத்தை வாழ்நாளின் துணையாக மதித்தனர் என்பது வெளிப்படை. செங்கம் முதலிய இடங்களிற் காணப்படும் நடுகற்களிலும் வில்லேந்திய வீரர் உருவங்கள் பல உள்ளன.

இனி இலக்கியச் சான்று நோக்குவார்க்குச் சங்கச் செய்யுட்கள் நிரம்ப உதவுகின்றன. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையையும் புலியையும் புள்ளிமான் கலையையும் பன்றியையும் கடந்து உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றிற் பாடினார். இஃது உயர்வு நவிற்சியாயினும், எய்தவன் யாரென அறியாத பாணன் ஒருவன் வேட்டுவனது வில்வன்மையைக் கண்டு வியந்து நின்ற நிலையை அப்பாட்டுக் காட்டுகின்றது.

தொண்டைநாட்டைப் பற்றிய பெரும்பாணாற்றுப்படை எயினர் வாழ்வை இன்னும் அணுகி நின்று காட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், மகவீன்ற எயிற்றி மான்றோற் படுக்கையிற் குழவியோடு கிடப்பதும், வேட்டுவர் நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கி இரவிற் குழியில் ஒடுங்கியிருப்பதும், பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் வேட்டையாடுவதும் கூறப்படுகின்றன. மான்றோல் படுக்கையாகவும் ஊன் உணவாகவும் பயன்பட்டமையின், வேட்டை அம்மக்கட்கு விளையாட்டன்று. உயிர் வாழ்தற்கு உரிய உழைப்பே என்று கொள்க.

விலங்குகளின் பெயர் வழக்கிலும் அவ்வுழைப்பின் சுவடு பதிந்துளது. தொல்காப்பிய மரபியல் மானின் ஆணைக் கலை எனவும், பெண்ணைப் பிணை எனவும், இளமையை மறி எனவும் வேறு பிரித்து வழங்குகின்றது. மானைத் தூரத்தே கண்டு மகிழ்ந்து போவார்க்கு இவ்வேறுபாடு வேண்டுவதன்று. எதனை எய்யலாம், எதனை எய்தலாகாது என்று ஒரு நொடியில் துணிய வேண்டியவர்க்கே அது வேண்டுவது.

வேட்டை அறம்

வேட்டுவர்க்கும் அறம் உண்டு என்பது பலர்க்கு வியப்பைத் தரக்கூடும். மாபாரத வன பருவத்தில், பார்த்தன் தவஞ் செய்த வனத்திற்கு இறைவன் வேட்டுவ வடிவங்கொண்டு எழுந்தருளிய வரலாற்றில் இவ்வறம் வெளிப்படையாகப் பேசப்படுகின்றது. பன்றி ஒன்றின்மேல் இருவர் அம்பும் ஒருங்கே பாய்ந்தன. அதனை முதலிற் குறித்தவர் யாவர் என்பதே அவ்விருவர்க்கும் எழுந்த வழக்கு. ஒருவன் குறித்த விலங்கை மற்றொருவன் எய்தல் வேட்டையின் அறமன்று என்று இருவரும் வாதிட்டனர். முதற்குறி வைத்தவனுக்கே விலங்கு உரியது என்னும் வழக்கம் அக்காலத்து வேட்டுவரிடையே நிலைபெற்றிருந்தமை இதனாற் பெறப்படும்.

திண்ணனார் வரலாற்றிலோ இதனினும் மேலாய அறம் ஒன்று காணப்படுகின்றது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகன் மூப்பெய்தியபோது, மாதந்தோறும் முறையாக ஆடிவந்த வேட்டை தாழ்ந்தது. அதனாற் பன்றியும் கடமையும் மானும் பிறவும் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர்கள் திரண்டு வந்து தலைவனிடம் இதனையே முறையிட்டனர். ஆகவே அவர்தம் வேட்டைக்கு ஒரு காலவரையறையும், பயிர்காத்தல் என்னும் ஒரு காரணமும் இருந்தன என்பது சேக்கிழார் வாக்கால் தெளிவாகின்றது. அம்முறையீட்டைக் கேட்டே நாகன் 16 ஆண்டு நிரம்பிய தன் மகனை அழைத்து, உடைதோலும் சுரிகையும் அளித்துத் தலைமையை ஒப்புவித்தான்.

அவ்வாறு புறப்பட்ட கன்னி வேட்டை கூட்டு வேட்டையாகும். காட்டைச் சூழ வலைகளைக் கட்டி, நாய்களை விட்டு, பறை முழக்கி ஆர்ப்பரித்து, விலங்குகளை எழுப்பி எய்தலே அதன் முறை. மேகத்தைத் தொடுவனபோல் உயரப் பாயும் மான்களையும், அவற்றை விடாது தொடரும் அம்பு நிரைகளையும் திங்களையும் அதனைத் தொடரும் பாம்பையும் கொண்டு உவமித்து, அவ்வேட்டையின் விரைவைச் சேக்கிழார் விரைந்த நடையமைந்த செய்யுட்களாற் புலப்படுத்துகின்றார். அவ்வளவு ஆரவாரத்தினிடையிலும் வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்று நடை தளர்ந்த பிணைமான்களை வருத்திலர் என்று கூறுதற்கு அவர் மறந்தாரல்லர்.

இதனை ஆழ்ந்து நோக்குக. கூட்டு வேட்டையின் வெறியில் நிற்பவனுக்குத் தன் எதிரே ஓடிவரும் பிணையைக் கண்டு கைவில்லைத் தாழ்த்துதல் எளிதன்று. அது பழகிய கட்டுப்பாட்டினாலன்றி வாராது. கருவுற்றவற்றையும் இளையவற்றையும் விடுதலால் மறுவாண்டிற்குக் காடு குறைவுறாது என்பது தொழில் நோக்கு. அவற்றை வருத்தலாகாது என்பது அருள் நோக்கு. இரண்டும் அவ்வேடர்பால் ஒன்றியே நின்றன. திண்ணனார் உள்ளத்துப் பின்னர்ப் பெருகிய அன்பு வித்தின்றி விளைந்த தன்று.

தனிவேட்டை

கூட்டு வேட்டையில் வலையைக் கிழித்தோடிய பன்றியொன்றைத் திண்ணனார் நாணன், காடன் என்னும் இருவரோடு நெடுந்தூரம் தொடர்ந்து சென்று சுரிகையாற் குத்தி இருதுண்டாக்கினார். அங்கிருந்தே பொன்முகலி யாற்றையும் காளத்தி மலையையும் கண்டார்; குடுமித்தேவரைக் கண்டார்; கண்ட அளவில் வேறொருவரானார். நாணனும் காடனும் அஞ்சித் திரும்பினர். நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் அவர் மீண்டிலர். இரவு முழுதும் வில்லேந்தி இறைவர் அருகே காவல் நின்று, விடியற்காலையில் அவர்க்கு உணவு தேடித் தனியே காட்டினுட் புகுந்தார்.

இதுவே தனிவேட்டை. வலையில்லை, பறையில்லை, துணையில்லை. கையில் வில்லும் அம்பும் மட்டுமே. சேக்கிழார் இவ்வேட்டையைக் கூறும் செய்யுள் மிகச் சுருங்கியது. ஆயினும் வில்வேட்டை நூல் ஒன்றின் பொருள் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது. அடியொற்றுதல், விளித்தழைத்தல், கிடையறிந்து எய்தல், தொடர்ந்து எய்தல் என நான்கு செயல்கள் ஆண்டுக் குறிக்கப்படுகின்றன. அடர்ந்த காட்டில் மானை வில்லால் வெல்லுதற்கு இந்நான்கினும் வேறு வழியில்லை என்பதை அத்தொழிலின் இயல்பை அறிந்தார் உணர்வர்.

அடியொற்றுதலாவது, குளம்பின் சுவட்டைப் பின்பற்றிச் செல்லுதல். சுவட்டின் ஆழத்தால் விலங்கின் பருமையும், இடையகற்சியால் நடையோ ஓட்டமோ என்பதும், விளிம்பின் ஈரத்தால் அது சென்ற காலமும் அறியப்படும். மிதிபட்ட புல் நிமிராதிருத்தல், பனித்துளி உதிர்ந்த இலை, கடித்த தளிரின் பசுமை முதலியனவும் எழுத்துப்போல நின்று வழிகாட்டும். இவற்றைப் படித்தறிய வல்லாரைக் கல்லாதவர் என்று கூறுதல் பொருந்துமோ? சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் கண்ணப்பரைக் கலை நிறைந்த சிறப்புடையவராகப் போற்றியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விளித்தழைத்தலாவது, விலங்கின் குரலைத் தான் எழுப்பி அதனைத் தன்பால் வரச்செய்தல். சேக்கிழார் இதனைக் கலை என்னும் ஆண்மானின்பாற் கூறுகின்றார். புதர் மண்டிய காட்டில் மான் இருக்குமிடத்தை நாடி மனிதன் செல்லுந்தோறும் சருகின் ஒலியும் கொம்பின் அசைவும் அவனைக் காட்டிக் கொடுக்கும். ஆதலின் தான் அசையாது நின்று, மானைத் தன்னிடம் வருவித்தலே மேல். எக்குரலுக்கு எவ்விலங்கு எப்பருவத்தில் வரும் என்பதை நெடுங்காலம் செவியாற் கேட்டுப் பயின்றவனுக்கே இது கைகூடும். குரல் சிறிது பிழைப்பினும் காடு முழுதும் விழித்துக்கொள்ளும்.

கிடையறிந்து எய்தலாவது, விலங்கு படுத்து உறங்கும் இடத்தை அறிந்து அணுகி அம்பு விடுதல். மான் உறங்கும்போதும் அதன் செவியும் மூக்கும் உறங்கா. காற்று எத்திசையினின்று வருகின்றதோ அத்திசையை எதிர்நோக்கியே வேடன் செல்லல் வேண்டும். தன்மேற் பட்ட காற்று மானை அடையுமாயின் அவன் முயற்சி பாழாம். அன்றியும் அடர்காட்டில் நெடுந்தூரத்திலிருந்து எய்தல் இயலாது. இடையே நிற்கும் சிறு வளாரொன்று தீண்டினும் அம்பு நெறி பிறழும். ஆகவே இலைக்கும் இலைக்கும் நடுவே தோன்றும் சிறிய இடைவெளியில் மானின் மார்பு வரும்வரை மூச்சடக்கிக் காத்திருத்தல் வேண்டும். நாணொலி கேட்ட மாத்திரத்தில் மான் பாயும். ஆதலின் ஓரம்பிற்கு மேல் வாய்ப்பில்லை.

தொடர்ந்து எய்தலைச் சேக்கிழார் கடமைமேல் வைத்துக் கூறுகின்றார். கடமை பருத்த உடலினது. எளிதில் ஓட்டம் ஒழியாதது. அதனைத் தொடர்வான் கால்வலிமையோடு பொறுமையும் உடையனாதல் வேண்டும். அம்பு பட்ட விலங்கையும் தொடராது விடுதல் வேடர்க்கு இழுக்கு. துளித்துளியாக வீழ்ந்த குருதியைப் பற்றிச் சென்று, அதன் துயரை முடித்தல் அவன் கடன். அம்பு பட்ட விலங்கைத் தேடித் தலைவன் வருவதுபோலவும், தோழியை நோக்கி அதனை வினவுவதுபோலவும் அமைக்கும் துறை அகப்பொருள் நூல்களில் உண்டு. மாணிக்கவாசகப் பெருமான் திருக்கோவையாரிலும் கலைமான் வினாதல் என ஒரு துறை அமைந்துளது. வேட்டுவரிடையே இவ்வழக்கம் நிலவாதிருந்தால் அத்துறை தோன்றியிராது.

வெயில் முதிரும் பொழுதில் திண்ணனார் தம் தனிவேட்டையை முடித்தார். ஊனின் நல்லனவற்றைத் தேர்ந்து, கோலிற் கோத்துத் தீயிற் பதப்படுத்தி, சுவை பார்த்து, தேனும் கலந்து, தேக்கிலையில் இட்டுக் கொண்டுசென்றார். தாம் ஒன்றும் உண்டிலர். முதல்நாளிலேயே அவர் இனிய ஊனை வாயிலிட்டுச் சுவைத்து உமிழ்தலைக் கண்ட காடன், இவன் பசித்தும் தின்றிலன், பிறர்க்கும் தந்திலன் என்று மயங்கினான். வேட்டையின் பயன் வேட்டையாடுவானுக்கும் அவன் குடிக்கும் உரியது என்பதே அதுகாறும் இருந்த வழக்கம். தனக்கு ஒரு சிறு பங்கும் கொள்ளாத வேட்டை காடனுக்குப் பித்தாகவே தோன்றியது. தொழில் மாறிற்றில்லை; தொழிலின் பயன் மாறியது. செய்வான் தனக்கென ஒன்றும் வையாதபோது அச்செயல் யாருடையதாகும் என்பது சித்தாந்தம் பயின்றார் அறிந்ததே.

எழும் ஐயம்

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொள்ளும் சைவர், கொலையால் வந்த ஊனை இறைவன் ஏற்றான் என்பதை எவ்வாறு உடன்படுவர்? சிவகோசரியார் உள்ளத்தும் இவ்வையமே எழுந்தது. ஆகம நெறி வழுவாத அவர் நாடோறும் திருமுன் கிடந்த எலும்பையும் ஊனையும் கண்டு நடுங்கி, அவற்றை அகற்றித் தூய்மை செய்தார். அவருடைய துயரம் பொய்யன்று; அதனை எள்ளி நகையாடுதல் தகாது.

இதற்கு விடையாகச் சிலர், அன்பு இருந்தால் எதனைச் செய்யினும் குற்றமில்லை என்பர். அஃது அபாயமான கூற்று. கண்ணப்பரைக் காட்டி ஊனுண்பாரும் உயிர்ப்பலி இடுவாரும் தம்மை நிலைநாட்டிக் கொள்ள அது வழிசெய்யும். திருக்களிற்றுப்படியார் மெல்வினை, வல்வினை எனச் சிவநெறிச் செயல்களை இருவகைப்படுத்தி உரைக்கும். வல்வினை பிறரால் ஆற்றுதற்கு அரியது. கண்டு வணங்குதற்குரியதேயன்றி, மேற்கொண்டு செய்து பார்த்தற்கு உரியதன்று.

இறைவன் ஏற்றது ஊனையோ, அன்றி அதனைக் கொணர்ந்த நெஞ்சையோ என்பதை ஆறாம் நாள் நிகழ்ச்சியே காட்டுகின்றது. திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட திண்ணனார் முதலிற் செய்தது யாது? வேடர் செய்யும் செயலையே செய்தார். வில்லை எடுத்தார், அம்பைத் தெரிந்துகொண்டார், இம்மலையில் தமக்கு மாறாய வேடர் எவரேனும் உளரோ, கொடிய விலங்கு எதுவும் செய்ததோ என்று எங்கும் தேடினார். அடியொற்றும் கலையில் வல்ல அவர்க்கு அங்கே ஓர் அடிச்சுவடும் அகப்படவில்லை. பின்னர், அம்பு பட்ட புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்தார். அதுவும் பயன்பட்டிலது. அவர் அறிந்த கலை முழுதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டது.

அப்பொழுது எஞ்சியது ஒன்றே. ஊனுக்கு ஊனே மருந்து என்னும் பழமொழி நினைவில் எழுந்தது. மகிழ்ந்து அமர்ந்து, அம்பினை எடுத்துத் தம் கண்ணில் மடுத்தார். அதுகாறும் பிறவுயிரின்மேலே சென்ற அம்பு அன்றுதான் முதன்முதல் அவர்மேலே திரும்பியது. மான், பன்றி, கடமை என எத்தனையோ உயிர்கள் பட்ட நோவை அவர் தம் உடலில் ஏற்றுக்கொண்டார். அன்றியும், வில்லாளிக்குக் கையினும் கண்ணே முதற்கருவி. சுவடு படிப்பதும், இலையிடையே குறி காண்பதும் கண்ணாலன்றோ? இரண்டாவது கண்ணையும் கொடுக்கத் துணிந்தவர், இனி ஒருநாளும் வேட்டையாடுதல் இல்லை என்று துணிந்தவரே ஆவர். கொலைத் தொழிலை விடுக என்று அவர்க்கு எவரும் உபதேசித்திலர். அன்பே அதனை அவர் கையினின்றும் வாங்கிக்கொண்டது.

கண் தெரியாதபோது இடம் பிறழாமைப் பொருட்டு இறைவர் திருக்கண்ணில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்ததும் வேடர் இயல்பே. சுவட்டைக் கொண்டே வழியறிந்து பழகியவர், அங்கும் தம் அடியையே அடையாளமாக வைத்தார். ஆகமம் அறிந்தார்க்கு அது பிழை; அவர்க்கோ அஃதொன்றே அறிந்த முறை. அந்நொடியிலே இறைவர் அவர் கையைப் பற்றித் தடுத்து, கண்ணப்ப என்னும் பெயரும் தந்தருளினார்.

சான்றுகளின் தொடர்ச்சி

இவ்வரலாறு சேக்கிழார் காலத்தில் புதிதாகப் புனையப்பட்டதன்று. பெரியபுராணம் எழுந்தது 12-ஆம் நூற்றாண்டில். அதற்கு 500 ஆண்டுகட்கு முன்னரே, 7-ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் காளத்திப் பதிகத்தில் வாயையே கலசமாகக் கொண்டு வழிபட்ட வேடர் அம்பினாற் கண்ணிடந்ததைக் குறித்தருளினார். திருநாவுக்கரசர் குறுக்கை வீரட்டப் பதிகத்தில் வில், அம்பு, ஊன்சுமை, தோற்செருப்பு ஆகிய அனைத்தையும் எடுத்தோதுகின்றார். பதினோராந் திருமுறையிலே நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் தனித்தனியே திருக்கண்ணப்பதேவர் திருமறம் பாடினர். வடமொழியிற் சிவானந்தலகரியும் இவ்வேடரைப் போற்றும். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. கண்ணப்பர் வரலாறும் அவற்றுள் ஒன்று.

காளத்தியில் 1516-இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த பெருங் கோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26-இல் இடிந்து வீழ்ந்தது. மீண்டும் கட்டப்பெற்று 2017-இல் குடமுழுக்குக் கண்டது. மன்னர் எடுத்த கல்லும் காலத்தால் விழுந்தெழுகின்றது. ஆறே நாள் வழிபட்ட வேடரின் பெயரோ 1300 ஆண்டுகட்கு மேலாக ஓதப்பட்டு வருகின்றது.

இன்று மான்வேட்டை இந்நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது தக்கதே. காடு சுருங்கி, விலங்கு குறைந்து, துப்பாக்கி மலிந்த காலத்தில் பழைய வேடரின் கட்டுப்பாடு வேட்டையாடுவாரிடம் எதிர்பார்க்கத் தக்கதன்று. வேட்டை மறைந்தது, ஆனால் அவ்வேட்டையில் விளைந்த பண்புகள் மறைய வேண்டுவதில்லை. பொருள் ஒன்றையே நோக்கி மற்றெல்லாவற்றையும் மறந்து நிற்றலும், சிறு சுவட்டையும் புறக்கணியாது தொடர்தலும், மூச்சடக்கிக் காத்தலும், எளியவற்றின்மேற் கைவையாது விடுதலும் வழிபாடு செய்வார்க்கும் வேண்டுவனவே. பூசைக்கு அமர்ந்து ஒரு நாழிகையும் மனம் நிலையாதவர், புதரினுள்ளே அசையாது நின்ற அவ்வேடரைக் காட்டினுந் தம்மை மேலாகக் கருதுதற்கு இடமில்லை.

சிவபெருமான் திருக்கரத்தில் மான்மறி ஏந்தியிருத்தலை அடியார் அறிவர். தாருகவனத்து முனிவர் சினந்து விடுத்த மான் அது. பகையாக வந்து, அடைக்கலமாக அமர்ந்தது. காளத்தியிலோ மானை எய்த வேடரும் அப்பெருமான் வலப்பக்கத்தே நிற்கப் பெற்றார். வேட்டையாடப்பட்டதற்கும் வேட்டையாடியவர்க்கும் புகலிடம் ஒன்றேயாயிற்று.